மச்சானோட கண்ணு ஏன் சிவந்தது

ஹலோ... மச்சான், நான்தான்... ஆமா, ஆமா, இன்னும் ஆஸ்பத்திரியிலதான். சாகல... பழமெல்லாம் வேணாம், சொல்றதைக் கேளு. உன் கண்ணு சிவந்திருக்குன்னு தங்கச்சி சொன்னா...

வெல்டிங் வெளிச்சமா? நானும் அதைத்தான் சொன்னேன். கண்ணு சிவந்தா வெல்டிங், உடம்பு தடிச்சா கிரைண்டர் தூசி, வயிறு வலிச்சா கேன்டீன் சாப்பாடு. எல்லாத்துக்கும் பதில் வச்சிருந்தேன். மாடிப்படியில மயங்கி விழுந்ததுக்குத்தான் பதில் இல்ல...

புதுசா ஒண்ணும் இல்லப்பா, போன மாசம் ரெண்டு பேரும் காய்ச்சல் வந்து ஒண்ணாப் படுத்தோமே, அதுதான்... சரியாயிடுச்சு, ஆமா, ஆமா. கிருமி போயிடுச்சு. அதை அடிக்க எழுந்த உடம்பு இன்னும் கம்பைக் கீழ போடலையாம். எதிரி ஓடினது தெரியாம வீட்டுச் சாமானை உடைச்சுக்கிட்டு இருக்காம். டாக்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க... எதை உடைச்சுதா? இதயம் வீங்கியிருக்கு. சிரிக்காத...

என் உதடா? செக்கச்செவேல்னு இருக்கு. நாடகத்துல வேஷம் கட்டுறியான்னு பக்கத்துக் கட்டில்காரர் கேக்குறாரு... சிரிச்சு முடிச்சியா? உனக்குக் காய்ச்சல் இருக்கா?... லேசான்னா?... மூணு நாளாவா?

கிளம்பி வா. ரத்தம் எடுத்துப் பாத்துருவாங்க... ஊசியிலதான் எடுப்பாங்க, பின்ன கரண்டியிலயா? மூணாவது மாடிச் சட்டத்துல செருப்போட நடக்குறவன், இத்தினியூண்டு ஊசிக்கு...

வேலை இருக்கா? நேத்து பூரா பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெல்டிங் வச்சியா... சரி. எந்த மிஷின்ல?... நம்ம மிஷின்லயா...

மச்சான், நம்மகிட்ட இருக்கிறதே ஒரு மிஷின். அது நாலு நாளா ரிப்பேர் கடையில கிடக்கு. விழுறதுக்கு முந்தின நாள் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். அப்புறம் உன் கண்ணு எதைப் பாத்துச் சிவந்துச்சு?

ஹலோ... இருக்கியா... தங்கச்சிகிட்ட குடு...

தங்கச்சி, எங்க அவன்?... குளியலறைக்குள்ளயா? தாழ்ப்பாளை ஆட்டுனா திறந்துக்கும், அவன் வச்ச வெல்டிங்தானே அது... வண்டி ஓட்ட விடாத, ஆட்டோவுல கூட்டிட்டு வா. வந்ததும் டாக்டரம்மாகிட்ட போன மாசக் காய்ச்சலை முதல்ல சொல்லு. அதைச் சொல்லாம நான் ஒரு நாளை வீணாக்கிட்டேன்...

என்ன கேக்குறான்?... ஃபேனா? இருக்கு, என் கட்டிலுக்கு மேல... அதெல்லாம் குடுக்க முடியாதுன்னு சொல்லு... அழுறானா?... நிஜமாவா...

சரி, சரி. ஃபேனுக்கு அடியில அவனே படுத்துக்கட்டும். போனை வை, நான் கட்டில் மாறணும்.