தங்கம்மாளுக்கு வந்த கார்டு

— பூ வச்சு முடிச்ச பெறகு எவுகளாச்சும் மாப்பிள்ள வீட்டப் பத்தி விசாரிக்க வருவாகளா? நீங்களே சொல்லுங்க.

— ஏ தங்கமாரி, வந்த மனுசர நிக்க வச்சுக்கிட்டே பேசுற. நீங்க அந்தக் கட்டில்ல உக்காருங்க தம்பி. வெயிலு மண்டையப் பொளக்குது.

— உக்காரலாங்களா?

— அதான் சொல்றேன்ல. பொண்ணு வீட்டுக்கு நீங்க என்ன முறை?

— பெரியப்பா முறைங்க. தூரத்துச் சொந்தம். காரியாபட்டிலேருந்து வர்றேன். பொன்னுச்சாமி வீட்டப் பத்தி யாரக் கேக்கலாம்னு பஸ் ஸ்டாப்புல கேட்டேன். போஸ்ட்மேன் பால்ச்சாமி அய்யாவக் கேளுங்கன்னாங்க.

— சரியான ஆளத்தான் காட்டியிருக்காக. முப்பத்தஞ்சு வருசம் இந்த ஊருக்குத் தபால் குடுத்தவன் நான். எந்த வீட்டுல என்ன கொதிக்குதுன்னு எனக்குத் தெரியும், கேட்டுக்கோங்க. பொன்னுச்சாமி தங்கமான மனுசன். மகன் உதயகுமாருக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுக்கலாம்.

— காரியாபட்டின்னு சொல்றீக, பேச்சு அந்தப் பக்கத்துப் பேச்சா இல்லையே. மெட்ராசுக்காரக கணக்கால்ல இருக்கு.

— ரொம்ப வருசம் மெட்ராஸ்ல இருந்துட்டேம்மா.

— அங்க என்ன சோலி?

— தறி போட்டேன். கொஞ்ச வருசம் ரொட்டி சுட்டேன்.

— தறிக்காரரு ரொட்டியும் சுடுவாராக்கும். நல்லாத்தான் இருக்கு.

— அவரக் கிண்டுனது போதும், போயி மோரு கொண்டா. நீங்க கேளுங்க தம்பி. மறைக்கிறதுக்கு இங்க ஒண்ணும் இல்ல.

— மனசு கோணக் கூடாது. அவங்க வம்சத்துல யாருக்காவது புத்தி சரியில்லாம இருந்துச்சாங்க?

— எவன் சொன்னது?

— யாரும் சொல்லல. கல்யாணம்னா கேக்குறதுதானங்க.

— அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. பொன்னுச்சாமி அவுக ஆத்தாவுக்கு ஒத்தப் புள்ள. கூடப் பொறந்தது, ஒட்டுனது எதுவும் இல்ல, கேட்டுக்கோங்க.

— வீரபாண்டின்னு ஒரு தம்பி இருந்ததாச் சொன்னாங்களே.

— இப்பத்தான் யாரும் சொல்லலைன்னீரு?

— இந்தாங்க, மோரு. என்ன, செம்பக் கையில வச்சுக்கிட்டு எம் மொகத்தையே பாக்கீக?

— குடிக்கலாங்களா?

— குடுத்ததே குடிக்கத்தான். உக்காரட்டுமா, குடிக்கட்டுமான்னு எல்லாத்துக்கும் உத்தரவு கேக்குற ஆள நான் பாத்ததே இல்ல. ஏங்க, எனக்கு இவரு மேல சந்தேகமா இருக்கு. ஜவுளிப் பூங்கா வரப்போகுதுன்னு சொல்லி எடத்த மடக்க வந்த புரோக்கரா இருக்கும். இல்லாட்டி கல்யாணத்தக் கலைக்க எவனோ அனுப்பின ஆளு. பொண்ணு பேரச் சொல்லுங்க பாப்போம்.

— தங்கச்செல்வி.

— என்ன படிச்சிருக்கு?

— அது வந்து...

— பாத்தீகளா? பேரு பஸ் ஸ்டாப்புலயே காதுல விழுந்திருக்கும். பெரியப்பாவுக்குப் படிப்பு தெரியல.

— எனக்கும் இப்பத்தான் ஒறைக்குது. தம்பி, உண்மையச் சொல்லும். நீரு யாரு?

— படிப்பு தெரியாதுங்க. ஆனா மெட்ராஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில வீரபாண்டிங்கற பேர நான் பாத்திருக்கேன், இந்த ஊரு விலாசத்தோட. அங்க உள்ளயே தறியும் ரொட்டி அடுப்பும் உண்டு. அங்கதான் நான் தறி போட்டது.

— அப்பக் கவர்மெண்டு சம்பளமா? ஆளப் பாத்தா அப்படித் தெரியலையே.

— தம்பி உண்டா இல்லையா, அத மட்டும் அய்யா சொன்னாப் போதும்.

— இல்ல.

— ஏங்க, அவரு விலாசமே வச்சிருக்காரு. இல்லைன்னு சாதிச்சா இன்னும் தப்பாத்தான் நெனப்பாரு. இவரு போயி ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லி, கல்யாணம் நின்னுச்சுன்னா அந்தப் பாவம் நமக்கு. நானே சொல்லிர்றேன்.

— தங்கமாரி, நீ உள்ள போ.

— போக மாட்டேன். இந்தா பாருங்க, இருந்தான் ஒரு தம்பி. ஆனா அது வம்சத்துல வந்த நோயில்ல. கண்மாய் காஞ்சு கெடந்த வருசம் காய்ச்சல் கண்டு படுத்தான். எந்திரிச்சப்ப ஒறக்கம் போயிருச்சு. ராவும் பகலும் தன்னால பேசுனான். கோயில்ல சங்கிலி போட்டு வச்சுப் பாத்தாக. பூசாரி வேப்பங்கொப்பால அடிச்சாரு. ஒண்ணும் கேக்கல. பெறகு பொன்னுச்சாமிதான் மெட்ராசுக்குக் கொண்டு போயி விட்டுட்டு வந்தாரு. கதை அம்புட்டுத்தான்.

— அப்புறம் திரும்பி வரவே இல்லையா?

— கொணமானாத்தான வர? மாசம் பொறந்தா ஒரு கார்டு வரும். அவுகம்மா தங்கம்மாளுக்கு எழுத்து வாசனை கெடையாது, என்னைய மாதிரி. இவுகதான் படிச்சுக் காட்டுவாக. இன்னும் கொணமாகல, யாரும் பாக்க வர வேண்டாம், பாத்தா நோய் கூடும். பத்துப் பதினஞ்சு வருசத்துல ஒரு வரி மாறல. எனக்கே மனப்பாடம்.

— அதக் கேட்டுட்டு அந்தம்மா என்ன சொல்லுவாங்க?

— என்னத்தச் சொல்ல? கார்டத் தடவித் தடவிப் பாப்பாக. எம் புள்ள கையெழுத்துத்தானா பால்ச்சாமின்னு கேப்பாக. மடியில முடிஞ்சுக்கிட்டுப் போயிருவாக. ஒரு தடவ தாங்க மாட்டாம கட்டுச்சோத்தோட கெளம்பிட்டாக, எம் மகன நானே பாத்துக்கிடுதேன்னு. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல வச்சு இவுகதான் எறக்கிக் கூட்டியாந்தாக.

— எறக்குனது அய்யாவா?

— பொன்னுச்சாமி சொல்லி விட்டாரு, போனேன். அவருக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருந்த நேரம். இப்ப நீரு வந்த மாதிரி அப்பவும் ரெண்டு பேரு விசாரிக்க வந்தாக. ஒத்தப் புள்ளைன்னேன். ஒரு குடும்பம் தழைக்கட்டுமேன்னுதான். அது தப்பா?

— நான் ஒண்ணும் சொல்லலைங்க. அந்தம்மா எப்ப இறந்தாங்க?

— ஆயிருச்சு, இருவத்தஞ்சு வருசம். செத்தப்ப அந்தக் கார்டுகள நெஞ்சு மேல அடுக்கி வச்சுத்தான் எரிச்சாக. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பாவி மகன் ஒரு தடவையாச்சும் நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கலாம்.

— ஒரு கார்டு எரியல, அம்மா. எங்கிட்ட இருக்கு. அவங்க போன பிறகு வந்து, இங்கேருந்து ஆஸ்பத்திரிக்கே திரும்பினது. மேல செவப்பு மையில என்னமோ எழுதியிருக்கு.

— இங்க குடும். 'விலாசதாரர் இறந்துவிட்டார்.' ஆமா, என் கையெழுத்துத்தான். இது எப்படி உம்ம கைக்கு வந்துச்சு?

— ஆஸ்பத்திரில குடுத்தாங்க. உள்ள என்ன இருக்குன்னு படிக்கிறீங்களா? எனக்குக் கண்ணுல புரை. எழுத்து நெளியுது.

— அது எதுக்கு இப்ப? போனவன் போயிட்டான்.

— படிங்களேன். அவரு சந்தேகமும் தீரட்டும், நம்ம மேல பழியும் வேண்டாம். ஏன் கார்டக் கவுத்து வச்சுட்டீக?

— சரி, கேட்டுக்கோங்க. 'அன்புள்ள அம்மாவுக்கு, வீரபாண்டி எழுதுவது. எனக்கு இன்னும் குணமாகவில்லை. யாரும் பார்க்க வர வேண்டாம். பார்த்தால் நோய் கூடும்.' அம்புட்டுத்தான்.

— நான் சொல்லல? அதே வரிதான். இப்பவாச்சும் நம்புறீகளா?

— நம்புறேம்மா. கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும், நான் கலைக்க வரல. எங்கம்மா என்னைய வேண்டாம்னு விட்டுட்டாகளான்னு கேக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். அய்யா, அந்தக் கார்டுல நான் எழுதுனது அது இல்ல. எனக்கு நல்லாயிருச்சு, கையெழுத்துப் போட ஒரு ஆளு வந்தா விட்டுருவாக, வாங்கம்மான்னு எழுதியிருந்தேன். எல்லாக் கார்டுலயும் அதத்தான் எழுதுனேன். ஆளு வராமலே இப்பத்தான் விட்டாக. நான் எந்திரிக்கட்டுமா?