முதல் வெடி

பிக்கரிங்கிலிருந்து ரொறன்ரோ செல்லும் காலை ரயிலில், எனக்கு எதிரே இருந்த தொப்பிக்காரர் தன் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "முதல் வெடியை நான் கணக்கெடுக்கிறேல்லை, மச்சான்."

அவர் நீட்டிய ஃபோனில் துப்பாக்கி சுட்டுப் பழகும் இலக்குப் பலகை ஒன்றின் படம். நான்கு ஓட்டைகள் நெருங்கியிருந்தன. ஒன்று மட்டும் தனியே, விடிவெள்ளிபோல.

"துவக்கு குளிர்ந்திருந்தா முதல் வெடி விலகிப்போகும். குழல் சூடேறினாப் பிறகு எல்லாம் ஒரே இடம். அதுக்கேத்தமாதிரித்தான் குறிபார்க்கிற ஸ்கோப்பைச் சரிபண்ணினனான்."

யன்னலுக்கு வெளியே ஏரியும் வானமும் ஒரே பனிப்புகாராய்க் கிடந்தன. நண்பர் அதையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"போன வருசம் காயத்தோடை காட்டுக்கை ஓடிச்சுதே ஒரு மான், அதுக்கு நீ விட்டது எத்தினையாவது வெடி?"

தொப்பிக்காரர் புகாருக்குள் எதையோ தேடினார். ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"முதலாவது" என்றார்.