கடிவாளத்தை விட்டுவிடு

அந்த டார்ச்சை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்கள் இடம் மாறுவதென்றால் இப்போதே மாறிக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மாலை ஆறரை மணி இருக்கும். இதே மாதிரி ஒரு காட்டு ஏரி, அதைச் சுற்றி ஒரு குதிரைப் பாதை. ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு பக்கம் மரங்கள், ஒரு பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே தண்ணீர்... அங்கேதான் என்னோடு வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியனின் மச்சான் லாயம் வைத்திருந்தார். மச்சான் என்றால் அக்கா கணவர். கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவது அவருக்குப் பிழைப்பு. ஒரே பெண், பத்து வயது. எல்லோரும் 'வாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்ன பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. சாப்பிடு என்றால் ஓடுவாள், ஓடாதே என்றால் மரத்தில் ஏறுவாள். மச்சானுக்கு அவள்தான் உயிர்.

ஏரியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அணை கட்டியபோது பள்ளத்தில் இருந்த ஓர் ஊரை அப்படியே மூழ்கடித்துவிட்டார்கள். வீடு, தெரு, அந்த ஊர்க்காரர்களின் குதிரை லாயம் எல்லாம் அடியில் கிடக்கின்றன.

அந்த வாரம் ஒரு சாம்பல் நிறக் குதிரை மச்சானின் லாயத்து வாசலில் தானாக வந்து நின்றது. யாரும் தேடி வரவில்லை. பரம சாது. ஆனால் உச்சி வெயிலில் நிறுத்தினாலும் அதன் பிடரி மயிர் காயவில்லை... கிட்டே போனால் சேற்று வாடை. லீவுக்குப் போயிருந்த நம் எலக்ட்ரீஷியன், "என்ன மச்சான், நாள் பூரா குளிப்பாட்டுறீங்களா?" என்று கேலி செய்தான். "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலப்பா" என்றார் அவர். சிரிக்கவில்லை.

வாலுவுக்கு ஏறினால் அந்தக் குதிரையில்தான் ஏற வேண்டும். ஒற்றைக் காலில் நின்று சாதித்துவிட்டாள்.

லாயத்தில் இரண்டு பழக்கம் உண்டு. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவர் 'ஹோய்' என்று கூப்பிடுவார், கடைசியில் வருகிறவர் 'ஹோய்' என்று பதில் கொடுக்க வேண்டும். இன்னொன்று... வழி தவறினால் கடிவாளத்தைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டும். குதிரை தானாகத் தன் லாயத்துக்குத் திரும்பிவிடும்.

அன்றைக்கு முன்னால் மச்சான், நடுவில் நம் ஆள், கடைசியில் வாலு. பாதி வழியில் மூடுபனி இறங்கியது. தன் குதிரையின் காதே தெரியவில்லை என்றான் நம் ஆள்.

"ஹோய்..."

"ஹோய்..." பின்னாலிருந்து வந்தது.

ஒரு வளைவு தாண்டி மறுபடியும் கூப்பிட்டார். பதில் வந்தது. ஆனால் பின்னாலிருந்து இல்லை. சரிவுக்குக் கீழிருந்து...

"அப்பா, எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா."

"பயப்படாதடா கண்ணு. கடிவாளத்தை விட்டுடு. அது வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடும்."

"சரிப்பா."

அப்பா சொன்னதற்கு அவள் சரி என்றது அதுதான் முதல் தடவை.

சொல்லி முடித்த பிறகுதான் மச்சானுக்கு உறைத்தது. அந்தக் குதிரை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அது இந்த லாயத்துக் குதிரையே இல்லை. "ஐயோ, அதோட வீடு..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

கீழே குளம்புச் சத்தம். முதலில் சேற்றில்... சதக், சதக். பிறகு தண்ணீரில்... சளப், சளப். பிறகு ஒன்றுமே இல்லை. "பிடிச்சு இழு, கண்ணு, பிடிச்சு இழு" என்று கத்திக்கொண்டே மச்சான் சரிவில் பாய்ந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். நம் ஆளும் கேட்டான். அடியிலிருந்து, கல் தரையில் லாடம் படுகிற சத்தம். டக்... டக்... டக்... நிதானமாக. வீட்டுக்கு வந்துவிட்ட குதிரையின் நடை.

படகு விட்டார்கள், முங்கித் தேடினார்கள், வலை போட்டு அரித்தார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் சாம்பல் குதிரை மட்டும் லாயத்து வாசலில் நின்றது. உடம்பெல்லாம் நீர் வழிந்தது. சேணம் இருந்த இடம் மட்டும் காய்ந்திருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றிய மாதிரி. வாலுவின் அம்மா அந்தக் காய்ந்த இடத்தில் கை வைத்தாள். அதுவும் நனையும்வரை கையை எடுக்கவில்லை.

சில வருடம் கழித்து மழை பொய்த்து ஏரி வற்றியது. ஊர் வெளியே தெரிந்தது. மச்சானும் நம் ஆளும் சேற்றில் நடந்து அந்தப் பழைய லாயத்துக்குள் போனார்கள். கல் பாவிய தரை. மரச் சட்டத்தின் மேல் வாலுவின் சேணம், மச்சான் சொல்லிக் கொடுத்திருந்தபடியே வார் சுற்றி வைத்திருந்தது. பக்கத்தில் சுவர் ஆணியில் அவளுடைய தொப்பி. ஆணி பத்து வயதுப் பெண்ணுக்கு எட்டாத உயரம். கொஞ்சம் வளர்ந்த பெண் என்றால் எட்டும்.

மச்சான் மெதுவாக, "ஹோய்" என்றார்.

உள் இருட்டிலிருந்து பதில் வந்தது. குழந்தைக் குரல் இல்லை... வயசுப் பெண்ணின் குரல்.

நம் ஆள் ஓடி வந்துவிட்டான். அதைச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை. நீங்களும் நானும்தான் நின்றிருப்போமா? மச்சான் இருட்டிய பிறகுதான் வந்தார். அந்த வாரமே மழை கொட்டி ஏரி நிரம்பிவிட்டது.

அக்கா இப்போது தம்பி வீட்டில் இருக்கிறாள். மச்சானையும் கூட்டி வருகிறேன் என்று அவன் கிளம்பினால், "விடுடா. அவர் வர மாட்டார்" என்பாள். அழுது தீர்ந்த குரல்.

போன வாரமும் போய்ப் பார்த்திருக்கிறான். மூடுபனி இறங்கும்போது மச்சான் கரையில் நிற்கிறார். அவர் இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லையாம். முதல் 'ஹோய்' தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. இவர் பதில் கொடுக்கிறார்.

பக்கத்தில் சாம்பல் குதிரை நின்றிருந்தது. பெரியவர்கள் ஏறுகிற சேணம் பூட்டியிருந்தது. கடிவாளம் போடவில்லை.