வலையில் ஒரு கிழிசல்

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஊரில் எந்த ஆண்பிள்ளையும் நேரே வீட்டுக்குப் போவதில்லை, ஐயா. மிலாக்ரோஸின் மளிகைக்கடை வாசலில் டோமினோ மேசை போட்டுவிடுவோம். பீர் வரும், பின்னாலேயே வழக்கும் வரும். சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர்களில் பந்தடிப்பதில் யார் கில்லாடி? டொமினிக்கன் நாட்டில் இதற்குத் தீர்ப்பு சொல்லாத வாய் கிடையாது. எங்கள் கடைவாசலில் பாதிப் பேர் வில்மர் என்ற ஆட்டக்காரன் பெயரைச் சொல்வார்கள்.

நான் வழக்காடியதே இல்லை. எனக்காக, இந்த லியோன்சியோவுக்காக, திபூர்சியோ வழக்காடுவான். குளிர்கால லீக்கில் எதிரணியில் பந்து எறிந்தவன். பிறகு என் மகனுக்கு ஞானத்தகப்பன் ஆனான். அந்த முறையில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவோம். கூடப்பிறந்தவனைவிட நெருக்கமான உறவு அது.

"வில்மராம் வில்மர்! போங்கடா. என் பந்தை லியோன்சியோ மாதிரி ஒருத்தனும் வெளுத்ததில்ல. அடி வாங்குனவன் சொல்றேன், கேட்டுக்குங்க" என்பான். வாங்கியவனே சொல்லும்போது யார் மறுப்பது? அந்தப் பேச்சை நம்பித்தான் நான் தலைநிமிர்ந்து நடந்தேன்.

போன மாதம் ரேடியோக்காரன் ஒருவன் கடைக்கு வந்து அதே கேள்வியோடு மைக்கை நீட்டினான். திபூர்சியோ மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். "வில்மர்தான். அதுல என்ன சந்தேகம்?" என்றான்.

"அப்ப லியோன்சியோ?" என்றான் ரேடியோக்காரன்.

"நல்ல ஆட்டக்காரன். அவ்வளவுதான். கொம்பாத்ரேயாச்சே, மனசு நோகக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னைவிட வில்மர் பெரியவன் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். இத்தனை வருடமும் எனக்குப் பிச்சை போட்டிருக்கிறான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பயிற்சி மைதானத்தில் எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். அவன் எறிவான், நான் அடித்துக் காட்டுவேன். எறிந்த கையோடு, நான் அடிக்கும் பந்து மேலே படாதபடி நட்டிருக்கும் வலைத்தட்டிக்குப் பின்னால் அவன் ஒதுங்கிக்கொள்வான். அந்த வலையில் முகத்தளவு உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கிழிசல் விழுந்திருந்தது.

"கொம்பாத்ரே, அதைக் கட்டிட்டியா?" என்று செவ்வாய்க்கிழமை காலையில் கேட்டான்.

"கட்டியாச்சு" என்றேன்.

பொய் இல்லை. வெயிலில் இற்றுப்போன நூலால் கட்டியிருந்தேன். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. கொம்பாத்ரே கட்டியதை எவனாவது இழுத்துப் பார்ப்பானா? அவனும் பார்க்கவில்லை.

முதலில் சில பந்துகளைத் தூரத்து வேலிக்கு அனுப்பினேன். "பிரமாதம்!" என்றான். அந்தச் சொல்லும் பிச்சைதான் என்று இப்போது எனக்குத் தெரியும். அடுத்த பந்தை என் உடம்பை ஒட்டினாற்போல எறிந்துவிட்டு ஒதுங்கினான். இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டைக் கடைசிவரை இறுக்கி, நேராக அடித்தேன். கட்டுப்போட்ட இடம் மட்டும் அறுந்தது. அக்கம்பக்கத்து இழை ஒன்றுகூட நகரவில்லை. அவன் கத்தவில்லை. நான்தான் ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அழுதேன், நிஜமாகவே.

நீங்கள் ஸ்டேஷன் புத்தகத்தில் விபத்து என்று எழுதினீர்கள். நானும் பேசாமல்தான் இருந்தேன். அவன் ஆன்மாவுக்காக நடந்த ஒன்பது நாள் செபத்தில் அவன் மனைவி அல்தாக்ரேசியா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்மேல வருத்தமில்ல, கொம்பாத்ரே" என்றாள். அதையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் கடைக்காரி மிலாக்ரோஸ் காப்பி கொடுக்க வந்தவள் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "நீ ஏம்ப்பா உருகுற? வேணும்னே குறிவச்சு அடிச்சிருந்தாலும் உன்னால அங்க அடிச்சிருக்க முடியாது" என்றாள். சுற்றி இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். திபூர்சியோ செத்த பிறகும் என்னைப் பற்றி அவன் சொன்னதுதான் நிற்கிறது.

அதனால்தான் வந்தேன், ஐயா. பெருமைக்காக இல்லை, உண்மை உண்மையாக இருக்கட்டுமே என்றுதான். கைதவறி என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். சந்தேகமிருந்தால் அதே தூரத்தில் வில்மரை நிறுத்தி அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வலைக்குப் பின்னால் யாரை நிறுத்துவது என்பது உங்கள் பாடு.