மூன்று முறை வராதவள்

எங்கள் ஆலோசனை மையத்துச் சுவரில் தொங்கும் உரிமைப் பலகையை நான் நாலாயிரத்து முந்நூறு முறை வாசித்துக்காட்டியிருக்கிறேன். கேட்டுக் கேட்டு அந்தச் சுவர்ப் பல்லிக்கே முழுக்க மனப்பாடம். ஒரு வரியை விட்டுவிட்டால் 'ச்சு' என்று திருத்தும். நீங்கள் நம்பவில்லை. விசாரணை நடத்த வந்தவர் எதையும் சட்டென்று நம்பக் கூடாதுதான், அம்மா.

பதிவறையில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருந்தால் துருப்பிடித்துவிடுவேன் என்று இந்த வரவேற்பு மேசைக்கு வந்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் வருகிற இடம். முதல் நாள் வருகிறவருக்குப் பலகையை வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவேன். சொன்னது வெளியே போகாது. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். இங்கே வேலை செய்கிறவர் எதிராளிக்கு வேண்டியவராக இருந்தால், அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இவை உரிமைகள். பொறுப்பு என்றால் முக்கியமாக ஒன்றுதான்: குறித்த நேரத்துக்கு வர வேண்டும். சொல்லாமல் மூன்று முறை வராவிட்டால் கோப்பை மூடிவிடுவோம். காத்திருப்பவர்கள் அத்தனை பேர். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

அந்தப் பெண் தையல் ஆலையிலிருந்து வந்தாள். படிவத்தை நிரப்பி, நாலாக மடித்துக் கொடுத்தாள். மேசையில் இருப்பவன் அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தேன். எதிராளியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் மகனின் பெயர் இருந்தது. அவளுடைய பிரிவுக்கு அவன்தான் மேற்பார்வையாளன்.

நான் அவளை மிரட்டவில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பதிவேட்டில் பத்து மணி என்றும், அவள் கையில் கொடுத்த அட்டையில் பதினொன்று என்றும் எழுதினேன். அவ்வளவுதான்.

பதினொன்றுக்கு டாண் என்று வந்து நிற்பாள்.

"உங்களுக்குப் பத்து மணிதானேம்மா. பாருங்க, பதிவேட்டுல இருக்கு."

"அட்டையில பதினொண்ணுன்னு..."

"குடுங்க பார்ப்போம். அட, பத்துதான் போட்டிருக்கேன். கண்ணு கலங்கியிருக்கு உங்களுக்கு. அடுத்த வாரம் வாங்க."

அட்டையை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டு, புதியதிலும் பதினொன்று என்றே எழுதிக் கொடுப்பேன். உள்ளே ஆலோசகர் அம்மா, "அந்தப் பொண்ணு இன்னைக்கும் வரலையா, அண்ணே?" என்பார். "வரலைம்மா, பாவம், மனசு மாறிட்டாப்ல இருக்கு" என்பேன். அவரும் உச்சுக்கொட்டுவார். ஐந்து சந்திப்பு முடிந்தால் அவர் ஒரு கடிதம் தருவார். அதை வைத்துத்தான் அவள் ஆலையில் புகார் கொடுக்க இருந்தாள்.

இரண்டாவது வாரம் அவளே சொன்னாள். "எனக்குத்தான் இப்பல்லாம் எதுவும் ஞாபகம் நிக்கலை, ஐயா. ஒருவேளை அங்க நடந்ததையும் நான்தான் தப்பா நினைச்சிருக்கேனோ?" தண்ணீர் கொடுத்தேன். "ஓய்வெடுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றேன். அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாவது வாரம் அட்டையைத் திருப்பித் தராமலே போய்விட்டாள். கோப்பை மூடினேன். அந்த அட்டைதான் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். மறுக்கவில்லை.

என் மகன் மீது பழி சுமத்துகிறாள், ஒரு தகப்பன் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா என்று உங்களிடமும் ஆலோசகர் அம்மாவிடமும் பத்து முறை சொல்லிவிட்டேன். அவர் அழுதார். நீங்கள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"உங்க பையன்கிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

அந்தப் படிவத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். எல்லாம் முடிந்து கதவைத் திறந்துவிட்டபோது, "குடை இருக்கா? மழை வர்ற மாதிரி இருக்கு" என்று அவன் கேட்டானாம். பொய் சொல்கிறவளுக்கு அப்படி ஒரு வரி தோன்றாது. எங்கள் வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் அவன் கேட்பது அதுதான்.

நடந்தது, அம்மா. படிவத்தை மறுபடி மடித்தபோதே எனக்குத் தெரியும்.