அனோஜினியின் இரண்டாவது பதில்

எனக்கு ஓட்டம் பற்றி ஒன்றுமே தெரியாது, சுவாமி. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்கிற ஆள் நான்.

ஆனால் இத்தாலியன் தெரியும். பலேர்மோவில் பதினொரு வருடம் வீட்டு வேலை செய்து படித்தது. மொன்றியலுக்கு வந்த பிறகு, ஓடிக் காலை நோகப் பண்ணிக்கொண்டவர்களைப் பார்க்கிற ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தேன். 2007 வசந்தத்தில் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். காயப்பட்ட ஓட்டக்காரர் எவ்வளவு தேறிவிட்டார் என்று கண்டறியும் கேள்விகளை இத்தாலியனுக்கு மாற்ற வேண்டுமாம். ஆராய்ச்சிக் கட்டுரையில் என் பெயரும் வருமாம். அக்னெஸ் நீக்கிலாப்பிள்ளை. அதை அச்சில் நினைத்துப் பார்த்து எனக்குத் தலைகால் தெரியவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மாற்றுவது சுகம். மாற்றியது சரி என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். ஒரே ஆளிடம் ஒரு கிழமை விட்டு இரண்டு தரம் கேட்க வேண்டும். கால் முந்தியபடியே இருந்தால் பதிலும் அப்படியே வர வேண்டும். கால் மாறியிருந்தால் அந்த ஆளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மொன்றியலில் சென் லெயோனார் பக்கத்து இத்தாலியர்கள் நோகுது என்றால் நோகுது என்றே நின்றார்கள். ஒவ்வொருவராகக் கழித்துக் கழித்து ஆள் போதாமல் போய்விட்டது.

எங்கள் பிள்ளைகள் அப்படியில்லை, உங்களுக்குத் தெரியாததா? பலேர்மோவில் வளர்ந்து இங்கே வந்த பிள்ளைகள் நம் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கிலேயே இருக்கிறார்கள். இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. அன்ரி ஒன்றைக் கேட்டால், அன்ரிக்கு என்ன வேண்டும் என்று பார்த்துத்தான் வாய் திறப்பார்கள். அது மரியாதை. நான் அதைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொண்டேன்.

அவர்களில் ஒருத்தியான புஷ்பராணியின் மகள் அனோஜினி செப்டெம்பர் மரதனுக்குப் பழகிக்கொண்டிருந்தாள். இடுப்பில் நோவென்று எங்களிடம் வந்தவள். முதல் தரம் கேட்டபோது நன்றாகத் தேறிவிட்டதாகச் சொன்னாள். இரண்டாம் தரம் டெலிபோனில் கேட்டேன்.

"அன்ரி, போன கிழமையைவிட இப்ப கூட நோகுது. படுத்தாலும் நோகுது."

"அப்பிடிச் சொன்னா நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும், பிள்ளை. வடிவா யோசிச்சுச் சொல்லும்."

பிறகு, "முந்தி மாதிரித்தான் அன்ரி," என்றாள். நான் அதட்டவில்லை. அப்படிச் சொல்லு என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மற்றக் கேள்விகளுக்கும் அவள் அப்படியே பதில் சொன்னாள். டொக்டர் அதை நம்பித்தான் அவளை நெடுந்தூரம் ஓட விட்டார்.

மரதனுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து அவள் கோயில் படியிறங்கி வந்தாள். நொண்டிக்கொண்டுதான் வந்தாள். நான் கண்டேன்.

"அன்ரி, டொக்டரிட்ட இன்னொருக்காக் காட்டட்டோ?"

கட்டுரை அந்தக் கிழமைதான் அனுப்புவதாக இருந்தது. அவள் வந்து உண்மையைச் சொன்னால் டொக்டர் மற்றவர்களிடமும் கேட்பார். என் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஓட்டம் முடியட்டும், பேந்து காட்டலாம். உமக்கு அந்தக் கேள்விகளில நல்ல மார்க் எல்லோ வந்திருக்கு," என்றேன். அவள் சிரித்தாள். புஷ்பராணி என்னைப் பார்த்து, நீங்கள் அங்கே இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு உதவி என்றா.

பாதித் தூரத்தில் இடுப்பெலும்பு இரண்டாகப் போய்விட்டது. ரோட்டிலேயே விழுந்தாளாம். இரும்பாணி வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இனி ஓட முடியாது. நொண்டாமல் நடந்தாலே பெரிய காரியம் என்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். புஷ்பராணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. நானும் அழுதேன், அது பொய்யழுகை இல்லை. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவ தேநீர் வாங்க வெளியே போன நேரம் அனோஜினி மெல்லக் கேட்டாள்.

"நான் பொய்ப் பதில் சொன்னபடியாத்தானே அன்ரி இப்பிடி வந்தது? டொக்டர் கேட்டா என்ன சொல்லுறது?"

"ஓம் பிள்ளை, அதாலதான்," என்றேன். "ஆனா பயப்பிடாதையும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலம் நீங்கள் இருக்கிறீங்கள் அன்ரி என்றாள்.

கட்டுரை வெளிவந்துவிட்டது, என் பெயரோடுதான். எனக்கு மனச்சாட்சி இல்லையென்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், சுவாமி. அந்தப் பிள்ளை செய்த பிழையை இன்றுவரை நான் ஒருவரிடமும் சொல்லிக்கொடுக்கவில்லை.