குன்வோர் கடைசியாகப் பாடமாக்கிய வசனம்

மனோரஞ்சிதம்: யன்னலை மூடாதே, பிள்ளை. இஞ்ச டென்மார்க்கில ஆரும் செத்துப்போனா திறந்துதான் வைக்கிறது.

நிறோஷினி: மாமி குளிர் தாங்கமாட்டா, அன்ரி.

மனோரஞ்சிதம்: இனி எல்லாம் தாங்குவா. அந்தக் கையை மெல்லமாப் பிடி… சட்டைக்குள்ள விடுவம். எது கொண்டுவந்தனீ?

நிறோஷினி: நீலம். ஸ்டொக்ஹோமில கடைசி நாடகம் முடிஞ்ச அண்டைக்குப் போட்டதாம்.

மனோரஞ்சிதம்: ராணி மாதிரி இருந்திருப்பா.

நிறோஷினி: நாற்பது வருசம் ராணியாத்தானே நடிச்சவ. பெரிய நடிகை குன்வோர் லின்டெல் கடைசியா என்ன சொன்னவ எண்டு விடியத்தொடக்கம் சுவீடன் பேப்பர்காரர் போன் அடிச்சபடி.

மனோரஞ்சிதம்: "கஞ்சிக்கு உப்புக் காணாது" எண்டவ. அதைப் போடச்சொல்லு.

நிறோஷினி: சிரிக்க வைக்காதேங்கோ அன்ரி… அதுக்கும் உங்களோட சண்டையோ?

மனோரஞ்சிதம்: இந்த முதியோர் ஹோமில வேலைசெய்யிற ஆரோடதான் சண்டை பிடிக்கேல்ல? குளிக்க வா எண்டா வரமாட்டா. "இண்டைக்கு எனக்கு என்ன வேசம்?" எண்டு கேப்பா. குளிக்கப்போற சீமாட்டி எண்டு நான் சொல்லவேணும். உடன எழும்பி நடப்பா.

நிறோஷினி: தன்ர பேர் மறந்தும் நடிப்பை மறக்கேல்ல…

மனோரஞ்சிதம்: உன்ர மனுசன் எத்தினை மணிக்கு வாறார்?

நிறோஷினி: ஆன்டர்ஸோ? மூண்டு மணி ரெயின். கோப்பன்ஹேகனில இருந்து வரேக்கயே, செத்தவீட்டண்டைக்குத் தேவாலயத்தில பேசுறதை எழுதிக்கொண்டு வாறார்.

மனோரஞ்சிதம்: என்னத்தைப் பேசப்போறார்?

நிறோஷினி: மாமி அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னதைப் பற்றி.

மனோரஞ்சிதம்: வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. அதை மட்டும் சொல்ல வேண்டாம்.

நிறோஷினி: என்ன கதை இது? நாலு வயசில அவரைத் தகப்பனோட ரண்டர்ஸில விட்டிட்டு, நாடகம் எண்டு சுவீடனுக்குப் போனவ. தேவாலயத்தில கொன்பர்மேசன் சடங்குக்கும் வரேல்ல. தகப்பனை அடக்கின அண்டைக்கும் மேடையில நிண்டவ. அவர் ஐம்பது வருசமாக் காத்திருந்து மாமியின்ர வாயால கேட்ட மன்னிப்பு…

மனோரஞ்சிதம்: அதாலதான் சொல்லுறன். கோயிலுக்குள்ள பொய் வேண்டாம்.

நிறோஷினி: பொய்யோ?

மனோரஞ்சிதம்: அவவுக்கு அது மகனெண்டே தெரியாது. அவர் வந்து "அம்மா, நான் ஆன்டர்ஸ்" எண்டுவார். இவ "நீங்கள் புது டொக்டரோ?" எண்டுவா. ஒருநாள் கார் பார்க்கில தனிய நிண்டு அழுதவர். நான் யன்னலால பாத்தனான். என்னால பொறுக்க முடியேல்ல.

நிறோஷினி: அதுக்கு…?

மனோரஞ்சிதம்: வேசம் குடுத்தன். பிள்ளையை விட்டிட்டுப் போன தாய் எண்டன். "வசனம் எங்க?" எண்டு கேட்டா. சொல்லிக்குடுத்தன். பத்து நாள், பிள்ளை. காலமைச் சாப்பாட்டுக்கு முதல் ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. படுத்தெழும்ப எல்லாம் மறந்துபோயிடும். "திரும்பவும் சொல்லு" எண்டு பிடிவாதமாக் கேப்பா. அப்பிடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை…

நிறோஷினி: அன்ரி…

மனோரஞ்சிதம்: பிழைதான். என்ர வேலை போனாலும் போகட்டும். அவர் வந்தவுடன நானே சொல்லுறன்.

நிறோஷினி: சொல்லத் தேவையில்லை. அவருக்குத் தெரியும்.

மனோரஞ்சிதம்: என்ன தெரியும்?

நிறோஷினி: நடிப்பெண்டு. அண்டைக்கே, காரில ஏற முதலே சொன்னவர்.

மனோரஞ்சிதம்: பிறகேன் அவவின்ர கையைப் பிடிச்சு அப்பிடி அழுதவர்?

நிறோஷினி: நானும் கேட்டனான். "அம்மா ஊருக்கெல்லாம் நடிச்சவ. எனக்கெண்டு ஒண்டைப் பாடமாக்கினது இதுதான் முதல்தரம்" எண்டவர். கோயிலிலயும் அதைத்தான் சொல்லப்போறார். பொய் ஒண்டும் இல்லை.

மனோரஞ்சிதம்: எப்பிடிக் கண்டுபிடிச்சவர்? அவ ஒரு சொல்லும் பிழைவிடேல்லையே.

நிறோஷினி: அவ பிழைவிடேல்ல. வசனம்தான் பிழை. "நான் போகேக்க நீ முற்றத்துப் படலைக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாய். நான் திரும்பிப் பாக்கேல்ல. பாத்திருந்தா போயிருக்கமாட்டன்…" அவர் பிறந்து வளந்தது மூண்டாம் மாடி வீட்டில, அன்ரி. அங்க ஏது படலை? அண்டையில இருந்து என்னட்டக் கேட்டபடி. அந்தப் படலையடியில நிண்ட பிள்ளை ஆர் எண்டு.

மனோரஞ்சிதம்: அந்தச் சீப்பை எடு. தலை இழுத்துவிடுவம்.

நிறோஷினி: அன்ரி. ஆர் அந்தப் பிள்ளை?

மனோரஞ்சிதம்: சுஜிந்தன்… என்ர மகன். அப்ப அவனுக்கு ஆறு வயசு. மன்னாரில அக்காவோட விட்டிட்டு வந்தனான். இப்ப ஹொல்ஸ்டெப்ரோவில இருக்கிறான், இஞ்சயிருந்து ஒண்டேகால் மணித்தியால ஓட்டம். முப்பது வருசமா என்ர வாயில வராததை, பெத்த பிள்ளையையே தெரியாத மனுசி பத்து நாளில பாடமாக்கிச் சொல்லிப்போட்டா.